பெண் உருவம், தலை இல்லை

நகரத்தின் பெரிய அருங்காட்சியகம் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்தது. ரயிலுக்கு நேரம் இருக்கிறவர்களும் ரயிலைத் தவறவிட்டவர்களும் மூட்டை முடிச்சோடு வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார்கள். பதப்படுத்திய செத்த பிராணிகள் இருப்பதால் பழைய ஆட்கள் அதை இன்னமும் செத்த காலேஜ் என்றுதான் சொன்னார்கள். அதன் கற்சிற்பக் கூடத்தில், இடது வரிசையில் நான்காவதாக நின்ற தலையில்லாத பெண் சிலைக்கு ஓர் ஆவணி மாதத்தில் தலை வளரத் தொடங்கியது.

அதை முதலில் கண்டவர் அந்தக் கூடத்தின் காவலர் கோதண்டம். வாசலோரத்து இரும்பு நாற்காலியில் இருபத்தேழு வருடம் உட்கார்ந்து, தொடாதீங்க தொடாதீங்க என்று சொல்லிச் சொல்லியே குரல் தேய்ந்துபோன மனிதர். காலையில் தூசி தட்டும்போது, துடைக்கிற துணியை அந்தச் சிலையின் வெட்டுப்பட்ட கழுத்தின் மேல் போட்டுவிட்டு மற்றச் சிலைகளைக் கவனிப்பது அவர் வழக்கம். அன்று துணி வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி போட்டார், மறுபடி விழுந்தது. தடவிப் பார்த்தபோது கழுத்தின் நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கல் புடைத்திருந்தது. அந்த வருடம் அவருடைய முழங்காலிலும் அதே அளவில் ஒரு வீக்கம் வந்திருந்ததால், நின்றுகொண்டே இருந்தால் யாருக்கும் ஏதாவது வரத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேலே போய்க் காப்பாட்சியர் வசுமதி அம்மாளிடம் சொன்னார்.

வசுமதி அம்மாள் தையல்காரரின் அளவு நாடாவோடு வந்து மூன்று மாதம் தொடர்ந்து அளந்தார். நகம் வளர்கிற வேகத்தில் கல் வளர்கிறது என்று கண்டு மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் பதில் எழுதியது: பதிவேட்டில் 'பெண் உருவம், தலை இல்லை' என்று இருக்கிறது, தலை வந்துவிட்டால் பதிவேடு தவறாகிவிடும், ஆகவே வளர்ச்சியை நிறுத்த வழியுண்டா என்று தெரிவிக்கவும். வசுமதி அம்மாள் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்து, கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டு, சிலைக்குக் கீழே இருந்த பெயர்ப் பலகையில் 'தலை வளர்கிறது' என்று ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஒரு வாரம் பத்திரிகைகளில் வந்தது. ஒரு மாதம் கூட்டம் வந்தது. பிறகு, வெள்ளத்துக்கும் தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் வருடக்கணக்கில் தோண்டியபடியே கிடக்கிற சாலைகளுக்கும் பழகிப்போன அந்த நகரம் இதற்கும் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் வந்து, மரத்தடியில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டு, திமிங்கிலத்தின் எலும்பைப் பார்த்து, அப்படியே சிலையின் கழுத்தையும் பார்த்து, போன தடவைக்கு இந்தத் தடவை ஒன்றும் பெரிதாக வளரவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டு பேருந்து பிடிக்கப் போனார்கள். சிலர் மாலையும் குங்குமமும் கொண்டுவந்தார்கள். இங்கே வந்து சேர்ந்த பிறகு எதுவும் சாமி இல்லை, எல்லாம் காட்சிப் பொருள்தான் என்று வசுமதி அம்மாள் தளர்ந்த குரலில் விளக்கியதும், அவர்கள் மாலையை வாசல் கேட்டுக்குப் போட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் வருடம் தாடை வந்தது. தாடையின் நடுவில் விரல் நுனியால் அழுத்தியதுபோல ஒரு சிறு பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு ஆவடியிலிருந்து வந்த ஒரு பெண் அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்துக் கோதண்டத்திடம் காட்டி, இது என் நாத்தனார், காணாமல் போய் நாலு வருடம் ஆகிறது, இந்தத் தாடை அவளுடையது என்றாள். அதை யார் எப்படிப் பரப்பினார்கள் என்று தெரியாது. அடுத்த வாரம் பதினோரு பேர் புகைப்படத்தோடு வந்தார்கள். அடுத்த மாதம் வரிசை வாசலைத் தாண்டியது. காணாமல் போனவர்களின் வீட்டார் வந்து வந்து கேட்பதில் சலித்துப்போயிருந்த காவல் நிலையங்களும், எதற்கும் அந்தச் சிலையை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுங்கள் என்று அனுப்பத் தொடங்கின. வசுமதி அம்மாள் ஒரு மர அலமாரியைக் காலி செய்து கொடுக்க, கோதண்டம் புகைப்படங்களை வாங்கி, பின்னால் பெயரும் ஊரும் எழுதி, ஒவ்வொன்றாக அடுக்கிவைத்தார். பள்ளிச் சீருடையில், கல்யாணக் கோலத்தில், ரேஷன் கார்டிலிருந்து கிழித்தெடுத்த குடும்பப் படத்தின் மூலையில், இப்படி நூற்றுக்கணக்கான பெண்கள் அந்த அலமாரிக்குள் காத்திருந்தார்கள்.

அந்த வரிசையில் ஒருத்தியாகத்தான் ஜெபமணி வந்தாள். சாத்தான்குளம் பக்கத்துக்காரி, அப்போது அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. அவளுடைய ஒரே மகள் ஸ்டெல்லா இருபது வயதில் ஆஸ்பத்திரி வேலைக்கு நேர்காணல் என்று நகரத்துக்கு ரயிலேறி வந்தவள். இறங்கிட்டேம்மா என்று நிலையத்திலிருந்து போனில் சொன்னதோடு சரி, அதன் பிறகு ஒன்பது வருடமாக ஒரு தகவலும் இல்லை. ஜெபமணி மகளைத் தேடி வந்த இடத்திலேயே தங்கிப்போனாள். புரசைவாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஆயா வேலை. எத்தனையோ ஊர்ப் பெண்கள் பெட்டியோடு வந்து இறங்குகிற வாசல் அது, என்றைக்காவது ஒருநாள் இவளும் வந்து இறங்குவாள் என்பது அவள் கணக்கு. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற கணவர் ஞானராஜ் ஊரிலேயே இருந்தார். வந்திரு, வந்திரு என்று முதலில் கெஞ்சிப் பார்த்து, பிறகு கோபப்பட்டு, பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறவர் ஆனார்.

ஸ்டெல்லாவுக்குத் தாடையில் பள்ளம் உண்டு. ஜெபமணி சிலையை நிமிர்ந்து பார்த்தாள், தூணோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து விடுதி வேலைக்கு விடுமுறை நாளான ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வந்தாள்.

கல் வளர வளர ஆட்கள் குறைந்தார்கள். மூன்றாம் வருடம் வாய் வந்தபோது பாதிப் பேர் போனார்கள். மேலுதடு மெல்லியது, கீழுதடு தடித்தது, தங்கள் பெண்ணின் வாய் இப்படி இருக்காது என்று பார்த்த மாத்திரத்தில் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. சிலர் அழுதார்கள். சிலர் நிம்மதியாகச் சிரித்து, சிரித்ததற்கு வெட்கப்பட்டு, அலமாரியிலிருந்து படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களை வாயோடு போனவர்கள் என்று கோதண்டம் குறித்துக்கொண்டார். அடுத்த வருடம் மூக்கோடு போனவர்கள் போனார்கள்.

மூக்கோடு போனவர்களில் இஸ்மாயில் ராவுத்தர் மட்டும் போகவில்லை. அச்சகத்தில் எழுத்துக் கோத்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். கடைக்கு நூல்கண்டு வாங்கப் போய்த் திரும்பாத தங்கையை நாற்பது வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். சிலைக்கு மூக்கின் நுனி தெரிந்த அன்று, இல்லை என்று ஒரே சொல்லில் சொல்லி எழுந்துபோனவர், அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் வந்து நின்றார். ஜெபமணி ஏன் என்று கேட்டதற்கு, இத்தனை நாள் இந்தக் கட்டடத்துக்கு வந்தும் இந்த ஒரு கழுத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை, மற்றதெல்லாம் கோபித்துக்கொள்ளாதா என்றார்.

அப்படித்தான் அவர்கள் இருவரும் அருங்காட்சியகத்தைச் சுற்றத் தொடங்கினார்கள். செவ்வாய்க்கு ஒரு கூடம். செப்புத் திருமேனிகளின் கூடத்தில், எத்தனையோ நூற்றாண்டாகத் தூக்கிய காலை இறக்காமல் நிற்கிற நடராசரைப் பார்த்து ஜெபமணி தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள். நாணயக் கூடத்தில் ராவுத்தர் தேய்ந்த எழுத்துகளைத் தலைகீழாகவே படித்துச் சொன்னார். ஆயுதக் கூடத்தில் இருவருக்கும் மூச்சு வாங்கியது. ஓவியக் கூடத்தில் முக்காடிட்ட ஒரு பெண்ணின் எண்ணெய்ச் சித்திரத்துக்குக் கீழே 'பெயர் தெரியாத பெண்' என்று எழுதியிருந்ததை ராவுத்தர் வாசித்ததும், ஜெபமணி நெடுநேரம் அங்கேயே நின்று, பெயர் தெரியாமல் எப்படி வரைந்தான், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றாள். எல்லாக் கூடங்களும் முடிந்து அவர்கள் மறுபடி சிலையிடம் வந்து சேரும்போது கால் கனத்துப் போயிருக்கும். அருங்காட்சியகத்தில் நடக்கிற களைப்பு வயலில் நடக்கிற களைப்பைவிடப் பெரிது. ஏனென்றால் எதற்கும் பதில் சொல்லாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போகவேண்டியிருக்கிறது.

மூக்கு முழுசாக வந்திருந்த காலத்தில் ஞானராஜ் ஒருமுறை ஊரிலிருந்து வந்தார். இந்தப் பைத்தியத்தை நேரில் பார்த்து மனைவியைக் கையோடு கூட்டிப்போவது என்று முடிவு செய்து வந்தவர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இங்கே கழற்ற வேண்டியதில்லை என்று கோதண்டம் சொன்னது அவர் காதில் விழவில்லை. உதட்டுக்கு மேல் மூக்கு இருந்தது, மூக்குக்கு மேல் ஒன்றும் இல்லை. அந்தப் பாதி முகத்தை அவர் எவ்வளவோ நேரம் பார்த்தார்.

"மூக்கு எங்கம்மா மூக்கு மாதிரில்லா இருக்கு" என்றார்.

அதன் பிறகு அவர் யாரையும் கூட்டிப்போகவில்லை. அன்று சாயந்திர ரயிலுக்கே தனியாகத் திரும்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போனில் சாப்பிட்டாயா என்று கேட்பதை விட்டுவிட்டு, கண்ணு வந்துட்டா என்று கேட்க ஆரம்பித்தார். இரண்டு வருடம், ஒரு ஞாயிறு தவறாமல் கேட்டார்.

கண் ஆறாம் வருடம் வந்தது. முதலில் இரண்டு ஓரங்கள், பிறகு கீழிமை. ஸ்டெல்லாவின் கண் சின்னது, தாயின் கண்ணைப்போல மூக்கை ஒட்டி இருக்கும். கல்லில் வந்த கண்கள் அகலமானவை, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டவை. ஓரங்கள் தெரிந்த செவ்வாயே ஜெபமணிக்குத் தெரிந்துவிட்டது. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். அடுத்த செவ்வாயும் துடைத்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஞானராஜ் கேட்டபோது, இன்னும் தெளியலை என்றாள். இப்படியே இரண்டு மாதம் தெளியலை, தெளியலை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே கண்கள் முழுசாகத் திறந்து, இமையின் கோடு வந்து, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாதவர்களுக்கு இருக்கிற தொய்வுகூடக் கல்லில் வந்துவிட்டிருந்தது.

ராவுத்தருக்குப் புரிந்திருக்க வேண்டும். வெளியே போய் ஒரு தேநீர் வாங்கி, கூடத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் ஜெபமணியை வாசலுக்குக் கூப்பிட்டு, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். அந்த மழைக்காலத்துக்குப் பிறகு அவர் வருவது நின்றது. மேலப்பாளையத்தில் அண்ணன் மகன் வீட்டில் இருப்பதாக யாரோ சொன்னார்கள்.

தேநீர் குடித்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஜெபமணி தானாகவே ஊருக்குப் போன் செய்து சொன்னாள்: "நம்ம பிள்ளை இல்லை."

மறுமுனையில் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி கத்துவது மட்டும் கேட்டது.

"சரி. அப்போ வந்திரு" என்றார் ஞானராஜ்.

வாரேன் என்றாள். ஆனால் போகவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வந்து தூணோரம் உட்கார்ந்தாள். இனி என்னக்கா இருக்கு இங்கே என்று கோதண்டம் கேட்டதற்கு, கால் பழகிட்டு தம்பி, வேறெங்கே போகன்னு அதுக்குத் தெரியலை என்றாள். இப்போது அந்தக் கூடத்தில் அவளைத் தவிர யாருமில்லை. புருவத்தோடு போனவர்களும் போய்விட்டார்கள். அலமாரியில் யாரும் திருப்பி வாங்காத படங்கள் மட்டும் கிடந்தன. ஏழாம் வருடம் நெற்றி வந்தது, வகிடு வந்தது, கழுத்துக்குப் பின்னால் சரிந்த கொண்டை வந்தது, அத்தோடு வளர்ச்சி நின்றது. தலை முழுசாக இருந்தது, அதைத் தங்கள் தலை என்று சொல்ல ஒருவரும் இல்லை. வசுமதி அம்மாள் ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம், கடைசி வேலையாக, அந்த முகத்தைப் படம் பிடித்து, அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று அச்சடித்து, ரயில் நிலையச் சுவரிலும் பேருந்து நிறுத்தங்களிலும் ஒட்டச் செய்தார்.

ஒட்டிய மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ரயில் பெட்டிகளைக் கழுவுகிறவர்களின் நீலச் சீருடையில், தோளில் ஒரு துணிப்பையோடு, நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் கூடத்துக்குள் வந்தாள். நாற்காலியில் அரைத்தூக்கத்தில் இருந்த கோதண்டம் நிமிர்ந்து பார்த்தார், எழுந்து நின்றுவிட்டார். தாடையில் பள்ளம். மெல்லிய மேலுதடு. அகன்ற கண்களுக்குக் கீழே அதே தொய்வு.

அவள் நேராகச் சிலையிடம் போனாள். முன்னால் நின்று பார்த்தாள். பிறகு சுற்றிப் பின்னால் போய், தன் பின்னந்தலையை அதுவரை பார்த்தே இராதவள் என்பதால், கொண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கூட வேலை செய்கிறவர்கள் சுவரில் உன் முகம் ஒட்டியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்ததாகவும், அவள் நம்பவில்லை என்றும் சொன்னாள். பெயர் தனபாக்கியம். வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் உப்பளக் கிராமம். பதினேழு வயதில், இரண்டாந்தாரமாகக் கொடுக்க நாள் குறித்துவிட்ட வீட்டிலிருந்து, கட்டின துணியோடு ரயிலேறியவள். நாலு அண்ணன்மார். இருபத்தாறு வருடமாக இதோ இந்தப் பக்கத்துப் பணிமனையில்தான் இருக்கிறாள். இந்தக் கட்டடத்தின் சிவப்புக் கோபுரம் அவள் வேலை செய்கிற இடத்திலிருந்து தெரியும், உள்ளே வந்ததில்லை. இதையெல்லாம் அவள் சிலையைப் பார்த்தபடியே சொன்னாள். வரிசை நின்றது, போட்டோ கொடுத்தது, எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றாள். பிறகு கோதண்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"என்னைத் தேடி யாராச்சும் வந்தாங்களா?"

அலமாரியில் இருந்த ஒவ்வொரு முகமும் கோதண்டத்துக்கு மனப்பாடம். வேதாரண்யத்திலிருந்தோ அதன் சுற்றுவட்டத்திலிருந்தோ ஒருவரும் வரவில்லை என்பதும், இந்த முகம் எந்தப் புகைப்படத்திலும் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். இத்தனை வருட வேலையில் அவர் பார்வையாளர் யாரிடமும் பொய் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் வந்ததில்லை. சட்டைப்பையில் அலமாரிச் சாவியைத் தேடுகிற மாதிரித் தேடினார். சாவி கையில் கிடைத்த பிறகும் தேடிக்கொண்டே இருந்தார்.

தூணோரம் ஒரு கையைத் தரையிலும் ஒரு கையை முழங்காலிலும் ஊன்றி ஜெபமணி எழுந்தாள்.

"நான் வந்தேன்" என்றாள்.

தனபாக்கியம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க யாரு?"

"எம் பேரு ஜெபமணி. ஆறு வருசமா வாரேன். தாடை வந்தப்போ இருந்தேன், வாய் வந்தப்போ இருந்தேன். கண்ணு தொறந்தப்பவும் இங்கதான் உக்காந்திருந்தேன்."

யாருடைய தாடை என்று நினைத்து வந்தீர்கள் என்று கேட்டிருந்தால் ஜெபமணி சொல்லியிருப்பாள். தனபாக்கியம் அலமாரியைப் பார்த்தாள், கோதண்டத்தைப் பார்த்தாள், அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டதையும் பார்த்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்துதான் இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, விடிகாலை நாலு மணியிலிருந்து நிற்கிறேன், உட்காரலாமா இங்கே என்று கேட்டாள்.

இருவரும் தூணில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தார்கள். தனபாக்கியத்தின் உள்ளங்கால்கள் சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்து வெடித்திருந்தன. பையில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து, மிச்சமிருந்த இரண்டு இட்லியில் ஒன்றை ஜெபமணிக்குக் கொடுத்தாள். கூடத்துக்குள் எதையும் தின்னக் கூடாது என்பதைக் கோதண்டம் அன்று சொல்லவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். தின்று முடித்து, உப்பளத்தில் கண் எப்படிக் கூசும் என்று எதையோ சொல்லத் தொடங்கிய தனபாக்கியம், சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதியில் தலை சாய்ந்து தூங்கிப்போனாள். தலை ஜெபமணியின் தோளில் வந்து விழுந்தது. அது கனமாக இருந்தது. தோள் மரத்துப்போயிற்று, கையும் மரத்துப்போயிற்று, ஜெபமணி அசையவில்லை.

நாலரை மணிக்கு அவள் மடியில் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க முடியாமல் ஞானராஜ்தான் கூப்பிட்டிருந்தார். வாரேன் என்று சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதே, ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டாயா, எந்த நாளில் வருகிறாய் என்று கேட்டார்.

ஜெபமணி போனை வாயோடு ஒட்டிவைத்து, குரலைத் தணித்துக்கொண்டாள்.

"பிள்ளை தூங்குது. பொறவு கூப்பிடுதேன்."

ஞானராஜ் எந்தப் பிள்ளை என்று கேட்கவில்லை. சரி என்று அவரும் மெதுவாகவே சொல்லி, சத்தம் வராமல் போனை வைத்தார்.